பக்கத்துத் திரையில் இருந்த தமிழ்

கம்பஸில் நான் சிங்களமும் மொழிபெயர்ப்பும் படித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் வகுப்புக்காரர் எல்லோரும் நெட்டில் ஆங்கிலத்தில்தான் கதைப்போம். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவர்களைக் கண்டால் இளக்காரம். "இதென்ன பாசை, தந்தியோ?" என்று சிரிப்போம்.

வீட்டில் கொம்பியூட்டர் இல்லாததால் வெள்ளவத்தையில், காலி வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்த நெட் கபேக்குப் போவேன். சண்டைக் காலம்; ஒருநாள் பின்னேரம் அங்கே பொலிஸ் சோதனைக்கு வந்தது. எல்லோரும் அடையாள அட்டையை எடுத்து நீட்டினோம். எனக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு முப்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்து முகவரி. சிங்களம் தெரியாது. அவருடைய திரை முழுக்க ஆங்கில எழுத்துத் தமிழ்.

பொலிஸ்காரர் என் கம்பஸ் அட்டையைப் பார்த்துவிட்டு, "நங்கி, மேக்க கியவன்ன" என்றார். அவருடைய திரையில் இருப்பதை வாசித்துச் சிங்களத்தில் சொல்லட்டாம்.

"என்ர மனிசி, தங்கச்சி. ஊரில இருந்து எழுதுறா," என்றார் பக்கத்திலிருந்தவர் மெல்ல. "வேற ஒண்டுமில்லை. சொல்லுங்கோ."

வாசித்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம். கடையில் மா இல்லையாம். அதற்குக் கீழே: 'நீங்கள் கழட்டிப்போட்ட சேட்டைத் தோய்க்காமல் வச்சிருக்கிறன். அது பக்கத்தில கிடந்தாத்தான் நித்திரை வருகுது.'

அந்த வரியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். பொலிஸ்காரரின் விரல் அதன்மேலேயே நின்றது. சொன்னேன். வகுப்பில் பழகிய பழக்கம், ஒரு சொல்லும் பிசகாமல், நல்ல சிங்களத்தில் வந்தது. பின்னால் நின்ற மற்றப் பொலிஸ்காரர் சத்தமாகச் சிரித்தார். எந்த வரிக்கு அந்தச் சிரிப்பு என்று பக்கத்திலிருந்தவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

"ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் சரி சொன்னபடி அவர்கள் போய்விட்டார்கள்.

"பெரிய உதவி, தங்கச்சி," என்றார் அவர். அவர் ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. மனைவிக்குப் பதில் எழுதாமலே எழும்பி, காசைக் கொடுத்துவிட்டு வெளியேறினார். திரையை மூட மறந்துபோனார்.

'இருக்கிறீங்களோ?' என்று புது வரி ஒன்று வந்தது. கொஞ்சம் கழித்து, 'கோபமோ?'

அவர் எழும்பிப் போய்விட்டார் என்று இரண்டு சொல் எழுதியிருக்கலாம். நீர் ஆர் என்று அவ திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? எட்டி அந்தத் திரையை மூடினேன்.

அவரை மறுபடி அங்கே காண நேருமே என்ற பயத்தில், அதற்குப் பிறகு பஸ் ஏறி வேறொரு கடைக்குப் போகத் தொடங்கினேன்.