பேலா அக்காவின் ஐந்து பெயர்கள்

ஜெர்மனியின் டிரெஸ்டனில் யோகத்தைத் தெரியாத தமிழர் குறைவு. "அந்த மோர்மன் சபைக்குப் போற மனுசியோ?" என்று உதட்டைச் சுழிக்காதவர் அதைவிடக் குறைவு. சுழித்துவிட்டுப் போகட்டும். 1997இல் அகதி விடுதியின் நாலாம் மாடிக்கு அவருடைய குளிர்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியவர்கள் அந்தச் சபைக்காரர்தான். ஷெல்லடியில் செத்த மகனைப் பற்றிப் பொறுமையாக இருந்து கேட்டவர்களும் அவர்கள்தான். செத்தவர்களும் சேர்ந்து குடும்பம் மறுமையில் ஒன்றாக இருக்கும் என்றார்கள். பெற்ற வயிற்றுக்கு வேறென்ன வேண்டும்? யோகம் ஞானஸ்நானம் எடுத்தார்.

2003இல் முதியோரை வீட்டில் பராமரிக்கும் வேலை கிடைத்துப் பேலாவிடம் போனார். உக்ரேனிலிருந்து வந்த யூதப் பெண். எழுபத்தாறு வயது, தனிக்கட்டை. இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஜெர்மன் மட்டுமே. ஆனால் பேலா பேசியதெல்லாம் யோகத்தின் காதில் தமிழாகத்தான் விழுந்தது. முதல் கிழமையே "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டார். பொருளைக் கேட்டறிந்த பேலா, பிறகு வேறெந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு பேரின் சமயங்களும் அந்தக் குசினியில் நன்றாகவே ஒத்துப்போயின. பேலா பன்றி தொடமாட்டார். யோகம் தேத்தண்ணி, கோப்பி தொடமாட்டார். ஒருவருக்குச் சனிக்கிழமை ஓய்வு, மற்றவருக்கு ஞாயிறு. இருவரும் நோன்பிருப்பார்கள், இருவரும் சீயோனைப் பற்றிப் பேசுவார்கள். அடித்து விரட்டப்பட்டு ஊர் ஊராய் அலைந்த கதை யூதருக்கும் இருந்தது, மோர்மன்களுக்கும் இருந்தது. ஊரைவிட்டு ஓடிவந்த யோகத்துக்கு அதைப் புத்தகத்தில் படிக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

"உங்கட ஆக்கள் எங்கட கதையை இரவல் வாங்கினவை," என்று பேலா சிரிப்பார்.

"வாங்கினாலும் கவனமாய்த்தான் வைச்சிருக்கினம், அக்கா."

2005இல் யூதச் சங்கம் நாஜிகளால் கொல்லப்பட்டவர்களின் பெயர்களைத் திரட்டியது, ஆண்டுக்கொருமுறை எழுந்துநின்று வாசிப்பதற்காக. பேலா ஜெர்மனை எழுத்துக்கூட்டி வாசிப்பார், எழுத ரஷ்ய எழுத்து மட்டுமே கைவரும் என்பதால் அந்த அன்ட்ராக்கை, விண்ணப்பப் படிவத்தை, யோகம்தான் நிரப்பினார். தகப்பன், தாய், மூன்று அண்ணன்மார், தங்கச்சி மிரா. ஆறு பேரையும் 1941இல் ஒரே குழியில் சுட்டிருந்தார்கள். எழுதி முடித்து யோகம் குளியலறைக்குள் போய் அழுதார். இந்தச் சனமும் நாங்களும் ஒன்றுதான், செத்தவர்களின் பெயரைக் கைவிடாத ஆட்கள் என்று நினைத்தார். அங்கேதான் பிழை நடந்தது.

மோர்மன் வழக்கப்படி, செத்தவருக்காக உயிரோடிருப்பவர் ஒருவர் ஆலயத் தொட்டியில் முழுகி எழுந்தால் அது செத்தவருக்கே ஞானஸ்நானம்; அது இருந்தால்தான் மறுமையில் ஒன்றுசேரலாம். சொந்தக்காரரின் பெயரை மட்டும் கொடுக்கலாம். கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களைத் தொடவே கூடாதென்று தலைமையின் கட்டளையும் உண்டு. யோகம் அந்தக் கட்டளையைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஆலயத்துக்குப் பெயர் கொடுக்கும் படிவத்தில் உறவுமுறை என்ன என்று கேட்ட இடத்தில், யோசனையே இல்லாமல், 'அக்காவின் குடும்பம்' என்று எழுதினார். எழுதும்போது அது பொய் என்று அவருக்கு ஒரு துளியும் தோன்றவில்லை. பேலாவின் தாய்க்காகத் தானே முழுகினார். ஆண்களுக்காகச் சபைச் சகோதரர் ஒருவர் முழுகினார்.

பேலாவின் பிறந்தநாளன்று, ஆலயம் பெயர் அச்சிட்டுக் கொடுத்த ஐந்து அட்டைகளையும் மேசையில் பரப்பினார்.

"உங்களுக்குத்தான் அக்கா. பாருங்கோ."

நினைவஞ்சலி அட்டைகள் என்றெண்ணிய பேலா ஒவ்வொன்றாகத் தடவினார். கண் கலங்கியது. "மிராவைக் காணேல்லையே?"

"அவ ஏழு வயசுப் பிள்ளைதானே. எட்டு வயசுக்குக் கீழை ஞானஸ்நானம் தேவையில்லை."

பேலாவின் விரல் அப்படியே நின்றது. யோகம் பாவி, நிறுத்தாமல் எல்லாவற்றையும் விளக்கினார்.

"ஆரைக் கேட்டுச் செய்தனி?"

"செத்தவையை எப்பிடிக் கேக்கிறது? அவை விரும்பினால் ஏற்பினம், இல்லாட்டி விடலாம்..."

"என்னைக் கேட்டிருக்கலாம். நான் இன்னும் சாகேல்லை." பேலாவின் குரல் உயரவேயில்லை. "யூதராய் இருந்ததுக்குத்தான் அவையைச் சுட்டவங்கள். குழிக்குள்ளை அவையிட்டை மிஞ்சினது அது ஒண்டுதான். அதையும் நீ எடுத்துப்போட்டாய்."

யோகம் அன்றே சபைத் தலைவரிடம் ஓடினார். அவர் பஸ் திருத்துபவர், நல்ல மனுசன், தலையில் கைவைத்துக்கொண்டார். பெயர்களைப் பதிவிலிருந்து எடுக்கச்சொல்லி எழுதினார், எடுத்தும்விட்டார்கள். பதிவிலிருந்து எடுக்கலாம். முழுகியதை முழுகாததாக்க எவராலும் ஏலாது.

இரண்டு கிழமை கழித்துப் பேலா கூப்பிட்டனுப்பினார். மேசையில் வெள்ளைத்தாளும் பேனாவும் இருந்தன. உட்காரச் சொல்லவில்லை.

"எழுது. நான் செத்தபிறகு என்ரை பேரிலை ஒருத்தரையும் தண்ணியிலை இறக்கமாட்டன் எண்டு."

யோகம் பேனாவை எடுத்தார். "அக்கா, இதிலை கையெழுத்து வைச்சால் மறுமையிலை நான் உங்களைக் காணமாட்டன்."

"ஓம். காணமாட்டாய்."

எழுதி, கையெழுத்து வைத்தார். பேலா தாளை வாங்கி இரண்டு தரம் வாசித்தார், கதவைத் திறந்துவிட்டார். பிறகு அந்தக் கதவு யோகத்துக்குத் திறக்கவேயில்லை. வேறொரு பெண் பராமரிக்க வந்தாள். எத்தனையோ நாள் கீழே அழைப்புமணியை அழுத்திப் பார்த்துவிட்டு, வெட்கங்கெட்ட மனுசி போலத் திரும்பி நடந்திருக்கிறார். 2007 தையில் பேலா செத்ததைக்கூட மருந்துக்கடைக்காரிதான் சொன்னாள்.

செத்து ஓராண்டு கழிந்தால் பெயர் கொடுக்கலாம் என்பது சபையின் விதி. 2008 மாசியில் ஆலயத்துக்குப் புறப்பட்ட பஸ்ஸில் பொறுப்பான பெண்மணி ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார்.

"சகோதரி யோகம், உங்களிட்டைப் பெயர் ஏதும் இருக்கோ?"

பேலாவின் பிறந்த தேதி, பிறந்த ஊர், தாய் தகப்பன் பெயர் எல்லாம் யோகத்துக்கு மனப்பாடம்.

"இல்லை," என்றார்.

மகனை மறுமையில் காண்பேன் என்று எவ்வளவு உறுதியாக நம்புகிறாரோ, அங்கே அக்கா இருக்கமாட்டார் என்பதையும் அவ்வளவு உறுதியாக நம்புகிறார்.