மூன்றாம் தண்ணீரும் என் வேன் ஹாரனும்

பள்ளிக்கூட வேன் ஓட்டுவதைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற தொழில் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெற்றவர்கள் மனசு எப்போது எந்தப் பள்ளிக்குத் திரும்பும் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வேடிக்கை பார்க்கிற தொழில் இது. வாசலுக்கு வாசல் ஹாரன் அடித்துக் கை ஓய்ந்த சக வேன்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். பேராவூரணியில் தேங்காய் லோடு அடித்து, வியாபாரிகளோடு மல்லுக்கட்டி, சொந்தமாக வேன் வாங்கினேன். ஸ்டெல்லா என்றால் ஒரத்தநாட்டுப் பக்கம் பாதிப் பேருக்கு என் வேன் ஞாபகம் வரும், மீதிப் பேருக்கு என் வாய். வண்டி ஓடுவதே என் ரூட்டில் கடைசிக்கு முந்தின ஊரில் இருக்கிற ஒரு தெருவை நம்பித்தான். அண்ணன் தம்பி, பங்காளி என்று எல்லாம் ஒரே சொந்தம். ஒரு வீட்டுப் பிள்ளை ஏறினால் தெருவே ஏறும். ஒன்று இறங்கினால் தெருவே இறங்கும். இறங்கினால் என் வண்டி பாதிக்கு மேல் காலி.

குழாய்ப் பரீட்சை

அந்தத் தெருவுக்கே பள்ளி தேர்ந்தெடுத்தவர் செல்வம். அறுவடை மிஷின் ஓட்டுகிறவர். மகளுக்குப் பள்ளி பார்க்கக் கிளம்பினபோது, பிள்ளை பிடிக்கிற ஆசையில் நானே ஓசியில் ஏற்றிப் போனேன். ஸ்மார்ட் கிளாஸ், கராத்தே என்று வழியெல்லாம் அளந்தேன். மனுஷன் காதில் வாங்கவே இல்லை. போன இடமெல்லாம் ஆயாவிடம் கேட்டுக்கொண்டு நேராகப் பெண் பிள்ளைகள் கக்கூசுக்குப் போய்க் குழாயைத் திருகிப் பார்ப்பார். முதல் பள்ளியில் குழாய் இருமியது. அடுத்ததில் அதுவும் இல்லை.

முன்பு படித்த இடத்தில் அவர் பெண் கக்கூசுக்குப் பயந்து பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்து, காய்ச்சலில் விழுந்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரிவரை போயிருக்கிறது. கடைசியாகப் பார்த்த இங்கிலீஷ் மீடியத்தில் தண்ணீர் கொட்டியது, அங்கேயே சேர்த்துவிட்டார். இங்கிலீஷ் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றேன்.

"குழாய்ல தண்ணி வரவைக்கத் தெரியாதவன், என் மவளுக்கு இங்கிலீசா வரவைக்கப் போறான்?"

மாத்திரை நாள்

பள்ளியில் வயிற்றுப் பூச்சிக்கு மாத்திரை கொடுக்கும் நாள் வந்தது. அதைத் தின்றால் பிள்ளைகள் மயங்கி விழும் என்று போனில் எவனோ கிளப்பிவிட்டிருந்தான். நான் போய் நிற்கிறேன், தெருவில் ஒரு பிள்ளைகூடச் சீருடை போடவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. கொரோனா ஊசிக்கு முண்டியடித்துக்கொண்டு போன தெருவா இது என்று கத்தினேன். யாரும் அசையவில்லை.

பக்கத்தில் அங்கன்வாடி டீச்சர் சின்னதுகளுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் கெஞ்சி ஒன்று வாங்கி, நடுத்தெருவில் நின்று சப்புக்கொட்டித் தின்று காட்டினேன். செல்வத்தின் அண்ணி மகேஸ்வரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தன் மகனுக்குச் சட்டையை மாட்டினாள். தெருவே ஏறியது. நான் வண்டியை எடுக்கும்போது மகேஸ்வரி கேட்டாள்:

"ஒண்ணு காணுமாக்கா? ஒங்க ஒடம்புக்கு ரெண்டுல்ல கேக்கும்."

மூன்றாம் தண்ணீர்

பங்குனி வெயிலில் மகேஸ்வரி வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. பையனுக்கு அம்மை. நான் ஹாரன் அடிக்காமல் தள்ளி நிறுத்தினேன். எங்கள் வீட்டிலும் அம்மை வந்தால் வேப்பிலைதான். மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி கூடுதல், அவ்வளவே.

பள்ளியில் ஒரு விதி. டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் பையன் உள்ளே வரக்கூடாது. பரீட்சைக்குள் வராவிட்டால் அடுத்த வகுப்பு சந்தேகம். தெருவில் ஒரு விதி. ஆத்தா வந்த வீட்டில் டாக்டர் பேச்சே கிடையாது. மூன்றாம் முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பையன் படி தாண்டுவான். நான் முதலில் பிரின்சிபாலிடம் போனேன். கொப்புளம் காய்ந்து பக்கு உதிர்ந்திருக்க வேண்டும், அதுதானே உங்களுக்கு வேண்டும், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். மசியவில்லை. பேப்பர் வேண்டுமாம்.

அங்கே படியாத பேரத்தை இங்கே படிய வைக்கலாம் என்று மகேஸ்வரியிடம் வந்தேன். இரண்டு தண்ணீரோடு முடித்துக்கொண்டு, ஒரு நடை டாக்டரிடம் காட்டிவிடலாம், என் வேனிலேயே கூட்டிப்போகிறேன் என்றேன். அவள் கோபப்படவில்லை. வாசலுக்கு உள்ளேயே நின்று சொன்னாள்:

"வேன் வாடகையக் கொறச்சுக் கேளுங்க, பேசலாம். ஆத்தா தண்ணியக் கொறச்சுக் கேக்காதீங்கக்கா."

எதிர்க்கடையில்

பயந்தது நடந்தது. பேப்பர் இல்லையென்று பையனைப் பரீட்சைக்கு விடவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது மகேஸ்வரி மகன் அவர்கள் ஊரிலேயே இருக்கிற அரசுப் பள்ளியில் இருந்தான். பின்னாலேயே தெரு. பிள்ளைகளை வளைத்துப்போட்ட தலைமையாசிரியையை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று போனேன்.

அந்த அம்மா சாந்தமாக உட்காரச் சொன்னார். இங்கேயும் விதி உண்டாம், பக்கு உதிராமல் யாரையும் சேர்ப்பதில்லை. ஆனால் அம்மை நேரத்திலேயே அந்த வீட்டார் வந்து விசாரித்தபோது பேப்பர் கேட்கவில்லை. மூன்றாம் தண்ணீர் முடியட்டும் என்று காத்திருந்து, கிராமத்து நர்சை அந்தத் தெருவுக்கே அனுப்பி, பையனை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மூன்று தண்ணீர்க் கணக்கு முடிவதற்குள் பக்கு தானாக உதிர்ந்திருந்ததாம். செல்வம் மட்டும் அதற்கும் அசையாமல், வந்து குழாயைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் மகளைச் சேர்த்தாராம்.

சண்டைக்கு வாயைத் திறந்தேன். அந்த அம்மா எழுந்து, சாப்பாட்டுக்கு வரிசையாகக் கை கழுவிக்கொண்டிருந்த பிள்ளைகள் பக்கம் போகிறபோது திரும்பிக் கேட்டார்:

"இத்தன வருஷம் ஏத்திட்டுப் போனீங்களே, காய்ச்சலோட ஏறுற புள்ளைய என்ன பண்ணுவீங்க?"

போகிற போக்கில்

இப்போது பாதிக்கு மேல் காலியாகத்தான் ஓட்டுகிறேன். அடுத்த ஊருக்குப் போக அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். ஏறுகிற பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்க்கிற புதுப் பழக்கம் வேறு வந்திருக்கிறது. வயிற்றெரிச்சலில் அந்தத் தெருவில் மட்டும் ஹாரன் அடிக்காமல் ஒரு வாரம் போனேன். எட்டாவது நாள் மகேஸ்வரி ஓடிவந்து வண்டியை மறித்தாள்.

"ஹாரன அடிச்சிட்டுப் போங்கக்கா, ஒங்க சத்தம் கேட்டாத்தான் எம் மவன் எந்திரிக்கிறான்."

ஆக, சக வேன்காரர்களே, வாழ்க்கையில் நான் பேரம் பேசாமல் கொடுத்த ஒரே சரக்கு இந்த ஹாரன் சத்தம்தான், நேற்று அதையும் லேட்டு என்று ஜன்னலில் நின்று குறை சொன்னான் அந்தப் பையன்.