படுக்கையறைக்கு அடியில் போன நீலக்கோடு

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த சமயம். ஜனக்புரியில் ஒரு சின்னத் தனியார் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவந்தேன். மேற்கு தில்லிக் காலனிகளில் உள்ள ஒவ்வொரு வீட்டையும் வரைபடத்தில் ஏற்றுகிற வேலை. வெளியே போகிறவர்கள் ஜிபிஎஸ் கருவியோடு வாசல் வாசலாக நின்று இடத்தைக் குறித்துக்கொண்டு வருவார்கள். அதை நான் செயற்கைக்கோள் படத்தின்மேல் சிவப்புப் புள்ளிகளாக வைப்பேன். ஒரு வீட்டுக்கு ஒரு புள்ளி. குடிநீர்க் குழாய் எந்தப் பக்கம் வர வேண்டும், சாக்கடை எங்கே வெட்ட வேண்டும் என்பதையெல்லாம் இதை வைத்துத்தான் திட்டமிடப் போவதாகச் சொன்னார்கள்.

துவாரகா போகிற வழியில் இருந்த எங்கள் காலனியும் அதில் வந்தது. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். மழை பெய்தால் தெருவில் முழங்காலளவு தண்ணீர். எங்கள் தெருவின் புள்ளிகளை வேறு யாருக்கும் விடாமல் நானே ஆசையோடு வைத்தேன்.

ஒருநாள் மதியம், பக்கத்து மேஜையில் இருந்த, நாங்கள் அக்கா என்ற பொருளில் தீதி என்று கூப்பிடும் வங்காளிப் பெண், பழைய வடிகால் வரைபடம் ஒன்றை ஸ்கேன் செய்து என் படத்தின்மேல் பொருத்தினார். வடிகால்கள் நீலக்கோடுகளாக விழுந்தன. "உன் வீடு எது, காட்டு" என்று இந்தியில் கேட்டார். திரையில் விரல் வைத்தேன். அவர் அந்த இடத்தைப் பெரிதாக்கினார். ஒரு நீலக்கோடு எங்கள் வரிசையின் பின்பகுதி வழியாகப் போனது. என் சிவப்புப் புள்ளி ஏறக்குறைய அதன்மேலேயே உட்கார்ந்திருந்தது.

தீதி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கருவி கொஞ்சம் தள்ளிக் காட்டியிருக்கும்" என்றார். அந்தக் கருவி பத்து மீட்டர்வரை தள்ளிக் காட்டும் என்பது எனக்கும் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

சாயங்காலம் கணவரிடம் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு விமான நிலையத்தில் வேலை. எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவர். அன்று சிரிக்கவில்லை. "மெஷின் தப்பா காட்டும்னு நீயே சொல்லுவியே" என்று மட்டும் சொல்லிவிட்டு டிவியைப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவைச் சுற்றி வந்தேன். தெருமுனையில் ஒரு சாக்கடை மூடி இருந்தது. எங்கள் வரிசைக்குப் பின்னால், காலி மனையில் குப்பைக்கு நடுவே இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் நேராகக் கோடு இழுத்தால் எங்கள் பின்னறை. உள்ளே வந்து, "ஒரு கயிறு பிடிக்கணும், கொஞ்சம் வாங்க" என்று அவரைக் கூப்பிட்டேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. "கயிறெல்லாம் வேண்டாம். நீ பாத்தது சரிதான்."

"என்ன சரி?"

"அடியில நாலா இருக்கு, பழைய சாக்கடை வாய்க்கால். வாங்கும்போதே சொன்னாங்க."

அந்த வீட்டை அவர் வாங்கியபோது நான் பிரசவத்துக்கு மதுரையில் இருந்தேன். குழந்தையோடு வந்து இறங்கி, பால் காய்ச்சி, அந்தப் பின்னறையில்தான் மகளைக் கிடத்தினேன். அவளுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. அன்றுவரை அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"காஞ்சுபோன நாலான்னுதான் சொன்னாங்க. தண்ணியே வராதாம். ஒங்கிட்ட சொன்னா வேண்டாம்னுடுவே. வேற எடமும் அமையல."

"தரையைத் தோண்டிப் பாக்கணும்" என்றேன்.

மறுநாள் ஒரு கொத்தனார் வந்தார். கட்டிலை நகர்த்திவிட்டு மொசைக் தரையை உடைத்தார். சிமெண்டுக்குக் கீழே கொஞ்சம் மணல், அதற்குக் கீழே நீளமான கல் பலகை. கட்டில் கிடந்த இடத்துக்கு நேர் கீழே அது விரிசல் விட்டிருந்தது. கொத்தனார் கடப்பாரையால் ஓரத்தை நெம்பியதும் நாற்றம் குப்பென்று மேலே வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தேங்கி நிற்கவில்லை, நன்றாகவே ஓடியது. என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். காய்ந்துபோனது என்று அவர் உண்மையிலேயே நம்பியிருந்தார்.

அலுவலகத்தில் சொன்னேன். தீதி மேலதிகாரிகளிடம் பேசினார். மாநகராட்சியிலிருந்து இரண்டு பொறியாளர்கள் வந்து எங்கள் வரிசை முழுவதையும் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆண்ட்டி என்னைத் தேடி வந்தார். நான் ஜுரத்தில் கிடந்தபோது மகளுக்குச் சோறு ஊட்டியவர்.

"பேட்டீ" என்று மகளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். "அந்தக் கோடு கம்ப்யூட்டர்லதானே இருக்கு. அழிச்சுடு. இல்லேன்னா வீட்டையெல்லாம் இடிச்சுடுவாங்க."

"ஆண்ட்டி, உங்க வீட்டுக்கு அடியிலயும் அதுதான் போகுது."

"தெரியுமே. தெருவுல எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் இருக்கோம்."

தண்ணீரைப் பார்த்தபோதுகூட நான் அப்படி ஆடிப்போகவில்லை. தினமும் நமஸ்தே சொன்ன முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. எல்லோரும் அதன்மேல் சமைத்து, குழந்தைகளைக் குளிப்பாட்டி, தூங்கி எழுந்துகொண்டிருந்திருக்கிறார்கள். தெரியாமல் இருந்தவள் நான் ஒருத்திதான்.

கோட்டை நான் அழிக்கவில்லை. ஆண்ட்டி பல மாதங்கள் என்னோடு பேசவில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு முன் தெரு ஓரமாகப் புது வடிகால் வெட்டினார்கள். பழைய நாலாவை மண் போட்டு மூடுவதற்காக எங்கள் வரிசையில் எல்லோருடைய பின்னறையும் உடைபட்டது. மூன்று பேரும் முன்னறையிலேயே பாய் விரித்துப் படுத்தோம். அந்த மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

லாரியிலிருந்து மண் கொட்டிக்கொண்டிருந்த அன்று கணவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "பாப்பா கட்டிலுக்கு அடியிலன்னு நான் நெனச்சே பாக்கல" என்றார். வீடெல்லாம் புழுதி படிந்திருந்தது. வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கொஞ்ச நேரம் கழித்து அவரும் ஒரு துணியோடு வந்து, மறு ஓரத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.