அம்மாவின் காதுப் பஞ்சு

எங்கள் வீட்டில் அம்மா வேலைக்குப் போவதா, வீட்டில் உட்கார்ந்துவிடுவதா என்பதை என் இடது காதுதான் தீர்மானித்தது. எனக்கு அப்போது ஏழு வயது. காது வலிக்காத நாளில் அம்மா பீளமேட்டு மில்லுக்கு நூல் சுற்றப் போவாள். வலித்தால் என்னை மடியில் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருப்பாள். அப்பா பல்லடத்திலிருந்து பஞ்சுப் பொதி ஏற்றிவரும் வண்டிக்காரர். போனால் திரும்ப மறுநாள் ஆகும்.

மில் வாசலில் தினமும் காலையில் வேலை கேட்டு ஆட்கள் நிற்பார்கள். இரண்டாம் சங்கு ஊதும்போது அம்மா உள்ளே இல்லையென்றால் மேஸ்திரி அவர்களில் ஒருத்தியைக் கூப்பிட்டுவிடுவார். "புள்ளையப் பாக்கறதா, பொழப்பப் பாக்கறதான்னு முடிவு பண்ணிப்போட்டு வா அம்மணி. இனியொருக்கா நின்னா, நின்னதுதான்" என்று அம்மாவிடம் சொல்லியும்விட்டார்.

என் காதும் லேசுப்பட்டதில்லை. வலித்தது போதாதென்று சீழ் வடியும், நாறும். தெருவே கூடி வைத்தியம் பார்த்தது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், வெங்காயச் சாறு, பிள்ளை பெற்றவளின் பால் என்று ஊற்றாதது எதுவும் பாக்கியில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைக் கடைசியில் தனியாக உட்காரவைத்தார்கள். அங்கே வாத்தியார் சொல்வது பாதி காதில் விழாது. விழாததற்கு மந்தம் என்று எனக்குப் பெயர் வைத்தார்கள்.

கடைசியில் அப்பா என்னைப் பொதிவண்டியிலேயே ஏற்றிக் கோயமுத்தூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டரம்மா காதுக்குள் பார்த்துவிட்டு அப்பாவை ஒரு முறை முறைத்தார். "இனி ஒரு சொட்டு எண்ணெய் ஊத்தக் கூடாது. காது காஞ்சே இருக்கணும். சுத்தமான பஞ்சைக் கொதிக்கவெச்சு, காயவெச்சு, திரியாக்கி தினமும் ஒத்தி எடுங்க. விட்டுட்டா அப்புறம் அந்தக் காது கேக்கவே கேக்காது" என்றார். கொஞ்சம் பஞ்சும் கொடுத்தனுப்பினார். அது சீக்கிரமே தீர்ந்துபோயிற்று.

அப்பா ஏற்றுவது பஞ்சு. அம்மா சுற்றுவது நூல். ஆனால் வீட்டில் காதுக்கு வைக்கத் துளிப் பஞ்சு இல்லை! பொதிப் பஞ்சு முழுக்கத் தூசும் தும்பும். தலையணையின் இலவம் பஞ்சு ஆகாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மருந்துக் கடைப் பஞ்சு எங்களுக்கு எட்டாது. மில்லுக்குள் மட்டும் சுத்தமான பஞ்சு மலைமலையாகக் கிடந்தது. அதில் ஒரு இணுக்கு வெளியே வந்தாலும் திருட்டு, வேலை போய்விடும்.

அதைப் பார்த்துக்கொள்ளவே மில் வாசலில் ஒரு காவல்காரி இருந்தாள். வாசல்காரி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். வெளியே போகும் பெண்களின் கொண்டையை அவிழ்த்து உதறச்சொல்லி, மடியைத் தடவிப் பார்த்துத்தான் விடுவாள். அவளைக் கண்டால் எல்லாருக்கும் உதறல். அவளுடைய வளர்ந்த மகன் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பான். ஊரையே அதட்டும் அந்த வாய் அவனிடம் மட்டும் பேசாது, கையை ஆட்டித்தான் கூப்பிடும். மகன்மேல் அத்தனை செல்லம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இந்தச் சமயத்தில்தான் அம்மா இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்டேன். "உன்ற வலிய நான் வாங்கிப்போட்டேன் கண்ணு" என்றாள். நான் அப்படியே நம்பிவிட்டேன். நம்பாமல் என்ன செய்வது? எனக்கு வலி குறைந்துகொண்டே வந்ததே! அம்மாவுக்கும் காது கேட்காமல் போய்விடுமோ என்று பயந்து அவளிடம் உரக்கக் கத்தியே பேசினேன். காரமடைக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, "ரங்கநாதரே, பாதி வலிய எனக்கே திருப்பிக் குடுத்துப்போடுங்க" என்று வேண்டிக்கொண்டேன். அம்மா அந்தப் பஞ்சை எடுத்துக் கொதிக்கவைத்து, காயவைத்து, என் காதைத் துடைத்தாள். சிக்கனம் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

ஒரு சாயங்காலம் அம்மாவைக் கூட்டிவர மில் வாசலுக்குப் போனேன். அம்மா வரிசையில் முன்னால் நின்றாள். வாசல்காரி, "ஏனுங்க அம்மணி, காதுல என்ன?" என்றாள். அம்மா பதில் சொல்லவில்லை. ஐயோ, கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நான் ஓடிப்போய் என் முழுக் குரலில் கத்தினேன்: "எங்கம்மாவுக்குக் காது கேக்காதுங்க! என்ற வலிய வாங்கிட்டாங்க! அந்தப் பஞ்சத்தான் என்ற காதுக்கும் வெக்கறாங்க!"

அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. தூரத்தில் நின்ற மேஸ்திரி, "அங்க என்ன சத்தம்?" என்றார். வாசல்காரி அம்மாவின் காதிலிருந்த பஞ்சை எடுத்துப் பார்த்தாள். பிறகு என் முகத்தைத் திருப்பி இடது காதை முகர்ந்தாள்.

"ஒண்ணுமில்லீங்க, காதுவலிக்காரி!" என்று மேஸ்திரிக்குக் கத்திவிட்டு, பஞ்சை மறுபடி அம்மாவின் காதிலேயே வைத்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "காதுல வெச்சா கண்டவன் கண்ணுல படும். கொண்டை எதுக்கு இருக்குது? புள்ள காத மட்டும் விட்டுப்போடாதீங்க. நான் வேலைய உட முடியாம விட்டுப்போட்டனுங்க" என்று சொல்லி வேப்பமரத்தடியில் இருந்த மகனைப் பார்த்தாள். அவள் எதை விட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து அம்மாவின் காதுகள் காலியாக வந்தன. வீட்டில் கொண்டையை அவிழ்த்தால் பஞ்சு விழும். வலி காதிலிருந்து தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்து ரங்கநாதரிடம் மறுபடி முறையிட்டேன்.

தை பிறக்கும்போது என் காது காய்ந்துவிட்டது. அம்மா ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் முன்வரிசைக்கு வந்தேன். பொங்கலன்று அம்மா ஒரு போசியில் பொங்கல் எடுத்துக்கொண்டு என்னை வாசல்காரியின் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அவள் பொங்கலைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் போய் நின்று, என் வலது காதைக் கையால் பொத்திக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாக, "கண்ணு" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகனிடம் ஓடி, என் காதைக் காட்டி, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னாள். அவனும் புரிந்துகொண்டு என்னைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதானே, அதற்கு ஏன் இவர்களுக்கு இத்தனை சந்தோஷம் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே நடந்தேன்.