குப்பையில் வராத ஊசிகள்

ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்குத் தினமும் காலையில் குப்பை வண்டி கொண்டு வருபவர் மாரியம்மாள். நான் பையை நீட்டுவேன், அவர் வாங்கிக்கொள்வார். அவ்வளவுதான் பழக்கம். அப்பா நாளுக்கு இரண்டு முறை போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசிகளும் அந்தப் பையில்தான் கிடக்கும். மூடிகூடப் போட்டிருக்க மாட்டேன்.

ஒரு நாள் பையை வாங்கிய பிறகும் அவர் நகரவில்லை.

"அண்ணாச்சி, மூணு நாளா ஊசி வரலையே. அய்யா ஊர்ல இல்லையா?"

உள்ளே போய் அப்பாவிடம் கேட்டேன்.

"குத்திக் குத்திச் சலிச்சுப்போச்சுடா. நான் என்ன தைக்கிற துணியா?" என்று சிரித்தார். பேச்சு குழறியது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நினைவு தப்பியிருக்கும் என்றார் டாக்டர்.

அப்பா தேறி வீட்டுக்கு வந்த பிறகு, எப்படிக் கவனித்தீர்கள் என்று மாரியம்மாளிடம் கேட்டேன். அவர் வலது கையை விரித்துக் காட்டினார்.

"போன வருஷம் உங்க வீட்டு ஊசி குத்திருச்சு. ரத்தம் டெஸ்ட் பண்ண எம்புட்டு நாள் அலைஞ்சேன் தெரியுமா? அதுல இருந்து உங்க பையைப் பிரிச்சு, ஊசியை எண்ணி எடுத்துட்டுத்தான் வண்டியில போடுவேன். ரெண்டு இருக்கணும்லா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். நீங்க போன் பேசிக்கிட்டு இருந்தீய."

இப்போது ஊசிகளை மூடி போட்ட பாட்டிலில் தனியாகத் தருகிறேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். எண்ணி முடிக்கும்வரை நானும் நிற்கிறேன்.