திரும்பிப் போகாத சின்னப் போர்வை

என் மனைவியின் பழைய பிஸ்கட் தகரப் பேணிக்குள் பதினொரு சின்னப் போர்வைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம். தறியில் மிஞ்சும் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் பழந்துணி வைத்து, மேலிருந்து கீழாக நெருக்கமாக நூலோடியவை. எந்தக் குழந்தையையும் போர்த்த உதவாத அளவு. இவற்றால் என்ன பயன் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன்.

“ஒங்கட சேட்டிபிக்கேட்டால என்ன பயன் மச்சான்? செவத்துல மாட்டி வெச்சிரிக்கிங்க. நாங்க ஒண்டும் கேக்கல்லயே” என்றாள்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. நான் பயிற்றப்பட்ட ஆசிரியனாகி, மருதமுனையில் அவள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்திருந்தேன். அவளோடு சிறுவயதில் குர்ஆன் ஓதப் போன தோழிகள் மூன்று பேர். நால்வருக்கும் கல்யாணம் முடிந்து, பகலில் தெருவில் இறங்காத பெண்களாகிவிட்டார்கள். ஒருத்தி தைத்த போர்வையை மற்றவளுக்கு அனுப்புவாள். வாங்கியவள் அதில் தன் கையால் ஒரு வரி நூலோடி வைத்துக்கொண்டு, தான் தைத்த இன்னொன்றைப் பதிலுக்கு அனுப்புவாள். கொண்டுபோய்க் கொடுப்பது கணவன்மாரின் வேலை. நான் அதைப் பாடப்புத்தகத்துக்குள் மறைத்துக்கொண்டு போவேன். கந்தல் சுமக்கும் மாஸ்டர் என்று யாரும் சிரித்துவிடக் கூடாது.

அந்தத் தோழிகளில் ஒருத்தி பின்தெருத் தறிக்காரரின் மனைவி. அவர்களுக்கு ஒரே மகன், மூன்று வயது. ஐந்து நாள் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டான். தகப்பன் ஜனாசாவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அடக்கம் செய்யப் போனார். நானும் பின்னால் நடந்தேன். பிள்ளையைப் படம் பிடித்து வைத்திருக்கவில்லை. நாற்பதாம் நாள் அவனுடைய உடுப்புகளை வீட்டார் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். தாய் ஒளித்துவைத்த ஒரேயொரு சட்டை மட்டும் மிஞ்சியது. பச்சைக் கோடு போட்டது. தகப்பனின் தறியிலேயே நெய்தது. அதை வெட்டி அவள் ஒரு சின்னப் போர்வை தைத்தாள்.

அது மாற்றிக்கொள்வதற்கானதல்ல. மௌத்தானவரின் துணியில் ஒருத்தி தனியே தைத்து முடிக்கத் தோழிகள் விடமாட்டார்கள். மூன்று வீட்டுக்கும் போய், மூன்று பேரும் தலைக்கு ஒரு வரி ஓடி, அது அவளிடமே திரும்ப வேண்டும். கடைசியாக என் மனைவியிடம் வந்தது.

“இதில நீங்க கை வெக்க வேணாம். வெள்ளிக்கிழம இருட்டினாப் பொறகு, மஃரிபு தொழுதிட்டு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறன்” என்றாள். “ஓம்” என்றேன்.

வியாழக்கிழமை எங்கள் பாடசாலையில் கைப்பணிக் கண்காட்சி. கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. தையல் படிப்பிக்கும் ஆசிரியை பிரசவ லீவில் போய்விட்டதால், மாணவியர் மேசையைத் தலைமை ஆசிரியர் என்னிடம் ஒப்படைத்திருந்தார். என் நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. மாணவியரிடம் காட்ட இருந்தவை கோணல்மாணலாய் ஓரம் மடித்த நான்கு கைக்குட்டைகள். வியாழன் காலை, மனைவி கிணற்றடியில் நின்ற நேரம், போர்வைகளைப் பேணியோடு எடுத்துக்கொண்டு போனேன்.

பச்சைக் கோட்டுத் துணி எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. என் மனைவியின் வரி பாதியில் நிற்க, ஊசி அதிலேயே குத்தியிருந்தது. அந்த ஊசியை நான் உருவி எடுத்தேன். அவசரத்தில் பார்க்காமல் கொண்டுபோய்விட்டேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பொய். பார்த்தேன், என்னவென்று தெரிந்தே எடுத்தேன். எல்லாவற்றிலும் அதுதான் தையல் நுணுக்கமானது. பின்னேரமே திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன்.

பலகையில் வரிசையாகக் குத்தி, கீழே ‘ஐந்தாம் வகுப்பு மாணவியர்’ என்று அழகான எழுத்தில் எழுதிவைத்தேன். அதிகாரியோடு அவருடைய மனைவியும் வந்திருந்தார். அந்த நோனா நேரே அந்தப் பச்சைக் கோட்டில் கையை வைத்தார். இவ்வளவு சின்னப் பிள்ளைகள் இப்படித் தைத்திருக்கிறார்களா, இதை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார்.

இல்லை, இது ஒரு வீட்டுக்குத் திரும்பப் போகவேண்டியது என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் இருந்தது. நான் சிரித்தேன். பலகையிலிருந்து கழற்றி, கடதாசியில் சுற்றி, என் கையாலேயே கொடுத்தேன். அவர்களுடைய கார் அக்கரைப்பற்றுப் பக்கம் போனது.

மிச்சப் பத்தையும் பேணியில் போட்டு, பேணியை இருந்த இடத்தில் வைத்தேன். வெள்ளி காலை அவள் திறந்தாள்.

“மச்சான், கண்டீங்களா?”

“தெரியா.”

அவள் பாயையெல்லாம் உதறினாள். நெல்லுச் சாக்குகளைப் புரட்டினாள். அடுப்புச் சாம்பலைக்கூட ஈர்க்கால் கிளறினாள். நான் அப்பியாசக் கொப்பி திருத்துவதுபோல் உட்கார்ந்திருந்தேன். இருட்டும் நேரம் தறிக்காரர் வாசலில் வந்து நின்றார்.

“மாஸ்டர், பின்னேரம் அஸர்ல இருந்து அவ வாசல்லயே குந்திக்கிட்டு இரிக்கா. அந்தச் சாமானத் தந்தீங்கெண்டா நானே கொண்டு போயிருவன்.”

“நாளைக்கு” என்றேன். அவர் போன பிறகுதான் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. “போய் எடுத்துக்கிட்டு வாங்க” என்றாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அக்கரைப்பற்றுக்குப் போய், அதிகாரிகள் தங்கும் வாடிவீட்டில் விசாரித்தேன்.

“அவங்க நேத்தே கொழும்புக்குப் போயிட்டாங்களே மாஸ்டர். என்ன, வேலைக்குச் சிபாரிசா?” என்று காவற்காரன் சிரித்தான்.

அன்றே அந்த நோனாவுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். அதிலும் முழு உண்மை இல்லை. ஒரு மாணவியின் வீட்டார் அதைத் திரும்பக் கேட்கிறார்கள் என்று எழுதினேன். பதில் வர மூன்று கிழமை, முழுதாக இருபத்தொரு நாள், ஆனது. அத்தனை நாளும் தறிக்காரர் வந்துகொண்டே இருந்தார். வரி இன்னும் முடியவில்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். “ஒரு வரிக்கு இவ்வளவு நாளா?” என்று ஒருநாள் கேட்டார். பிறகு கேட்கவில்லை. வந்து நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

பதில் தட்டச்சில் வந்தது. சீமையிலுள்ள தன் சகோதரிக்கு அதைக் கப்பலில் அனுப்பிவிட்டாராம். மன்னிக்க வேண்டுமாம். அந்தக் கெட்டிக்கார மாணவியர் இன்னும் ஆறு தைத்துக் கொடுப்பார்களா என்றும் கேட்டிருந்தார்.

நான் கடிதத்தை மனைவிக்கு மொழிபெயர்த்தேன். பிறகு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒரு யோசனையும் சொன்னேன். அதே பச்சைக் கோடு இன்னும் தறியில் ஓடுகிறதுதானே, அதில் ஒரு முழம் வாங்கி அதே மாதிரித் தைத்தால் யாருக்குத் தெரியும்?

“புள்ளைட வேர்வ? அதையும் தறியில நெய்வீங்களா?” என்றாள். “ஒங்கட அஞ்சாம் வகுப்புக் குமருகளுக்கிட்டச் சொல்லுங்க மாஸ்டர், அவளுகள் தைச்சுத் தருவாளுகள்.” அதுவரை என்னை அவள் மாஸ்டர் என்று கூப்பிட்டதில்லை.

அன்று மஃரிபுக்குப் பிறகு தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்தெருவுக்குத் தனியே போனாள். இரவு இஷாத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது திரும்பி வந்தாள்.

“நான்தான் தொலைச்சிட்டன் எண்டு சொல்லிட்டன். நீங்க குடுத்த எண்டு சொன்னா நாளைக்கு நீங்க எந்த மூஞ்சியோட பள்ளிக்கூடம் போற? இனிமே நீங்க போய்ச் சொன்னாலும் நான் பொய்க்காரியாகிருவன். பேசாம இரிங்க.”

அந்த நேரம் எனக்குள் வந்தது வெட்கமல்ல, ஆறுதல். நன்றாக மூச்சு விட்டேன். சோறும் சாப்பிட்டேன். இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒன்றைச் சொல்லத்தான். துணியைக் கொடுத்ததைவிட அந்த ஆறுதல்தான் என்னை அரிக்கிறது.

ஒரு கிழமை கழித்துத் தறிக்காரர் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். என் மனைவி அத்தனை காலமும் அந்தத் தோழிக்குத் தைத்து அனுப்பிய போர்வைகள் எல்லாம் அதற்குள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தான் ஓடியிருந்த வரியை அந்தத் தாய் நூல் நூலாக உருவியெடுத்திருந்தாள். ஊசி போன துளைகள் மட்டும் தெரிந்தன. மற்ற இரண்டு தோழிகளும் அதற்குப் பிறகு ஒன்றும் அனுப்பவில்லை. அடுத்த வருடம் என் நியமனம் நிரந்தரமானது.

பேசாமல் இருங்கள் என்று அவள் சொன்னதை அனுமதியாக எடுத்துக்கொண்டு வாழ்நாளைக் கழித்துவிட்டேன். என் மனைவி மௌத்தாகி இரண்டு வருடம். அந்தத் தோழி இன்னும் பின்தெருவில்தான் இருக்கிறா, கண் தெரியாது. மூன்று தடவை அவவின் வாசல் படலை வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன். அந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்த யாராவது இதை அவவுக்கு வாசித்துக் காட்டட்டும்: உங்கள் மகனின் சட்டையை என் மனைவி தொலைக்கவில்லை. நான்தான் கொடுத்தேன்.