தெருமுனையில் நிற்பவள்

நாங்கள் இருளர். விருத்தாசலத்துக்கு வெளியே ஏரிக்கரை ஓரம் எங்கள் தெரு. ஒரே தெருதான். பின்னால் கருவேலங்காடு. வண்டி வர ஒரு வழி மட்டும் உண்டு. நான் மூன்றாவது வரை படித்தேன். டவுனில் பீங்கான் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்தில் கோடு மாதிரி மண் தூக்கிக்கொண்டு நிற்கும். அதை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்பவேண்டும். கல்யாணமான வருஷத்திலிருந்து அதைத்தான் செய்கிறேன்.

எழுதப்போவது என் ஓரகத்தியைப் பற்றி. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

எங்கேயாவது திருடு போனால் போலீஸ்காரர்கள் முதலில் எங்கள் தெருவுக்குத்தான் வருவார்கள். அதனால் தெரியாத வண்டி வந்தால் ஆம்பளைகள் காட்டுக்குள் போய்விடுவார்கள். அவர்கள் போய்ச் சேரும் வரைக்கும் ஒரு பெண் தெருமுனையில் நின்று வந்தவர்களிடம் பேச்சை வளர்க்கவேண்டும். நிறுத்திப் பேசுவது என்று சொல்வோம். கத்தக் கூடாது. எதிர்த்துப் பேசக் கூடாது. அழவும் கூடாது. பேச்சை இழுக்கவேண்டும், அவ்வளவுதான். அக்கா அதில் கெட்டிக்காரி.

ஒரு தடவை அவள் அரிசி வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். அன்றைக்குப் பார்த்து வண்டி வந்தது. முனையில் ஆள் இல்லை. அவள் புருஷனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் செய்யாத திருட்டு. கேஸ் நிற்கவில்லை. திரும்பி வந்துவிட்டார். வலது கை மட்டும் தோளுக்கு மேலே தூக்க வராது.

அதற்குப் பிறகு அக்கா தெருவைத் தாண்டவில்லை. கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், வா என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். வரவில்லை. பெற்ற தாய் செத்ததற்கும் போகவில்லை. விடிந்தால் முனையில் போய் நிற்பாள். விளக்கு வைத்த பிறகுதான் வீட்டுக்குள் வருவாள். வருஷக்கணக்காக இப்படி.

எங்கள் சாதியில் நர்ஸ் படித்த ஒரு பெண் இருக்கிறாள். அவள்தான் எங்கள் பெண்களுக்கென்று கூட்டம் போடுவாள். சேத்தியாத்தோப்பு, திட்டக்குடி பக்கமிருந்தெல்லாம் வருவார்கள். ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒருத்தி எழுந்து அவள் பட்டதைச் சொல்லவேண்டும். போன கூட்டத்தில் எங்கள் தெருவின் முறை வந்தபோது ஒருத்தரும் எழவில்லை. நானும் எழவில்லை. எனக்குப் பேச்சு வராது. சேத்தியாத்தோப்புக்காரி ஒருத்தி எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்.

"ஏரிக்கரக்காரிங்க வாய வூட்டுலயே வச்சிப் பூட்டிட்டு வந்துட்டாளுங்கடி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு உள்ளேயே இருந்தது. அடுத்த கூட்டத்துக்கு அக்கா பேரைக் கொடுத்தேன். நிறுத்திப் பேசுகிறவளுக்கு அங்கே பேச்சு வராதா? அந்தச் சாக்கிலாவது தெருவை விட்டு வெளியே வரட்டும் என்றும் இருந்தது.

"ஏன்டி, என்னக் கேக்காம எம்பேர எப்பிடிக் குடுத்த?"

"கேட்டா வரமாட்டியேக்கா."

"கேக்கலன்னாலும் வரமாட்டேன்."

கூட்டத்து நாள் காலையில் பஸ்ஸில் போவதாக இருந்தோம். நர்ஸ் பெண் வேன் பிடித்து அனுப்பியது எங்களுக்குத் தெரியாது. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளை வேன் ஒன்று ஏரிக்கரையில் திரும்பியது. ஓட்டுகிறவன் காக்கிச் சட்டை.

அவ்வளவுதான். ஆம்பளைகள் ஒருத்தர்கூடத் தெருவில் இல்லை. நான் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டு மற்ற பெண்களோடு முதல் வீட்டு வேலிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

அக்கா வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

"வாங்க சார். கொழா பாக்க வந்தீங்களா? தண்ணி வந்து எத்தினி நாளாச்சு. நீங்களே வந்து பாருங்க."

"கொழா இல்லம்மா. ஆள ஏத்த வந்தேன்."

"ஆளு இங்க ஏது சார்? எல்லாம் கரும்பு வெட்டப் போயிட்டாங்க. நீங்க எந்தூரு சார்? மொகத்தப் பாத்தா சாப்புடாம வந்த மாரி இருக்குது."

"சாப்ட்டேம்மா. எனக்கு ஆம்பளைங்க வேணாம். பொம்பளைங்கதான் வேணும்."

அதைக் கேட்டதும் என் பக்கத்தில் இருந்த பெண்கள் எழுந்து காட்டுப் பக்கம் ஓடினார்கள். அக்கா அசையவில்லை.

"பொம்பளைங்களா? எதுக்கு சார்?"

"மண்டபத்துக்கும்மா. கூட்டத்துக்கு."

"எந்தக் கூட்டம்? எங்களுக்கு ஏது சார் கூட்டம்? இந்த வண்டி ஒங்க சொந்த வண்டியா?"

"வாடக வண்டிம்மா. கொஞ்சம் வழி வுடும்மா."

"வுடறேன். கண்ணாடில இன்னா எழுதியிருக்குதுன்னு சொல்லுங்க, எனக்குப் படிப்பு இல்ல."

அந்தப் பையனுக்கு அழுகையே வந்துவிட்டது. போனை எடுத்து நர்ஸ் பெண்ணைக் கூப்பிட்டு, சத்தமாக வைத்து அக்காவிடம் நீட்டினான்.

"யக்கா, அது நான் அனுப்புன வண்டிதான். அவன வுட்டுடுங்க," என்று குரல் வந்தது.

அக்கா போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். "வாங்கடி. நம்ம வண்டிதான்."

டிரைவர் காக்கிச் சட்டையைக் கழற்றி சீட்டுக்கு அடியில் போட்டான். பனியனோடு நின்றான். "இந்தச் சட்டைய இனிமே இந்தப் பக்கம் போட்டுக்கினு வந்தா என்னச் செருப்பால அடிங்க," என்றான்.

பெண்கள் முள் எடுத்துக்கொண்டே வந்து வேனில் ஏறினார்கள். அக்கா ஏறவில்லை. அவள் புருஷனும் காட்டிலிருந்து வந்துவிட்டார். லுங்கியெல்லாம் முள்.

"ஏறு. நேரமாவுது," என்றார்.

"யாரு முனைல நிப்பா?"

"நான் நிக்கறேன்."

"நீ நின்னா ஒன்னியத்தான் மொதல்ல புடிப்பாங்க."

அப்போது எங்கள் தெருவின் நிறைமாசப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வேனில் இடிபடும் என்று அவளை வரவேண்டாம் என்றிருந்தோம். வந்து வழி நடுவில் கல்லைப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் இருக்கறேன் பெரிம்மா. எவன் வந்தாலும் என்னத் தாண்டிப் போவட்டும், பாக்கலாம். தாண்டுனா இங்கியே பெத்துடுவேன்னு சொல்லுவேன்."

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே ஏறினாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தெரு மறையும் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். டவுனுக்குள் போனதும் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் முறை வந்தது. நர்ஸ் பெண் அக்காவிடம் மைக்கைக் கொடுத்து, "ஒங்க அனுபவத்தச் சொல்லுங்கக்கா," என்றாள்.

"அனுபவம்னா?"

"நீங்க பட்டது."

அக்கா மைக்கைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. அந்தச் சேத்தியாத்தோப்புக்காரி முன்வரிசையில் இருந்தாள். பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். குரல் எங்கிருந்து வந்ததோ தெரியாது, எழுந்து கத்தினேன்.

"யக்கா! காத்தால அந்தப் பையனப் படுத்துனியே, அதச் சொல்லேன்."

அக்கா அதைச் சொல்ல ஆரம்பித்தாள். கொழாயைச் சொன்னாள். "பொம்பளைங்கதான் வேணும்" என்றதைச் சொன்னாள். மண்டபம் குலுங்கியது. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டான். சிரிப்பு அடங்கியதும் அக்கா நிறுத்தவில்லை. அதே குரலில் சொன்னாள்.

"ஒரு நாளு நான் முனைல இல்ல. அரிசி வாங்கப் போயிட்டேன். அன்னிக்கு எங்க வூட்டுக்காரர இட்டுனு போயிட்டாங்க. அவரால இன்னிக்கும் தலை சீவ முடியாது. நான்தான் சீவி வுடறேன். அதுலேந்து நான் எங்கியும் போனதில்ல. எங்கம்மா மொகத்தக் கடைசியா பாக்கல. இன்னிக்குத்தான் வெளிய வந்திருக்கறேன். இப்பக்கூட எம்மனசு அங்கதான் நிக்குது."

யாரும் கை தட்டவில்லை. யாரும் அழவும் இல்லை. அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

அந்தச் சேத்தியாத்தோப்புக்காரிதான் முதலில் எழுந்தாள்.

"எங்க தெருவுல நான்தாங்க்கா நிக்கறவ. நான் ஆட்ட அவுத்து வழில வுட்டுடுவேன்."

திட்டக்குடிப் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். "நான் ஜொரம்னு படுத்துடுவேன். ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க சாமின்னு வண்டிக்கு முன்னாலயே படுத்துடுவேன்."

ஒருத்தி பின்னால் ஒருத்தியாக எழுந்தார்கள். ஒவ்வொரு தெருவிலும் ஒருத்தி இருந்தாள். கிழவியும் இருந்தாள், நேற்றுக் கல்யாணமானவளும் இருந்தாள். அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் பார்த்தபடி நின்றாள். இந்த வேலையை அவள் ஒருத்திதான் செய்கிறாள் என்று இருந்தாள் போலிருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சேத்தியாத்தோப்புக்காரி அக்காவைப் பார்த்துக் கேட்டாள். "ஆமா, நீ ஒருத்தியேவா நிக்கற தெனமும்?"

"ஆமா."

"ஏன், ஒங்க தெருவுல மத்தவளுங்களுக்குக் காலு இல்லியா? நாங்க மொற வச்சி நிக்கறோம். ஒருத்தியே நின்னா அவ எப்பதான் பொழைக்கறது?"

எங்கள் தெருப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு என் சின்ன மாமியார் எழுந்தாள். அவள் அதிகம் பேசமாட்டாள். "நாங்களும் மொற வச்சிக்கறோம். நாளைக்கு நான் நிக்கறேன்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எங்கள் தெருவுக்கு அன்றைக்குக் கிடைத்த கைதட்டலை எந்தத் தெருவும் வாங்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் நிற்கிற பெண்கள் எல்லாம் அக்காவைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். என்னென்னமோ பேசிச் சிரித்தார்கள். நான் இலையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"நீ போடி. ஒனக்கு நிறுத்திப் பேச வராது," என்றாள் அக்கா.

எனக்குக் கோபம் வரவில்லை. தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அந்தக் கூட்டத்திலேயே பெரிய ஆள் என் ஓரகத்திதான்.

முறை வைத்தோம். முதல் சில நாள் அக்கா வீட்டில் இருந்தபடியே முனையை எட்டி எட்டிப் பார்த்தாள். நிற்கிறவளிடம் போய், இப்படி நில், அப்படிப் பேசு என்று நச்சரித்தாள். சின்ன மாமியார் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "நீ இங்கியே இருந்தா நான் எப்பிடி நிக்கறது? வேலைக்குப் போயேன்டி," என்று விரட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை நான் கம்பெனிக்குக் கிளம்பி வெளியே வந்தபோது அக்கா சோற்று டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். இரண்டு பேரும் நடந்தோம். முனையில் சின்ன மாமியார் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா அவள் எதிரில் ஒரு நிமிஷம் நின்றாள்.

"போயிட்டு வரேன் அத்த," என்றாள்.

"போயிட்டு வா," என்றாள் சின்ன மாமியார், முறத்திலிருந்து தலையைத் தூக்காமல்.